உலர் அலுமாரியில் ஒரு டூரியன்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு உலர் அலுமாரியைத் திறந்த முத்துலிங்கம், திறந்த வேகத்திலேயே அதை அடித்து மூடிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். நல்ல காலம், ஆய்வகத்தில் ஒரு குஞ்சும் இல்லை. உள்ளே, கண்ணாடித் துண்டுகள் அடுக்கியிருந்த மேல் தட்டுக்கு நேர் கீழே, வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தன் கையாலேயே ஒளித்துவைத்த மூன்று கிலோ டூரியன் பழம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சனி, ஞாயிறு, திங்கள் பௌர்ணமிப் போயா என்று மூன்று நாள் லீவு. முழுப் பழமாக உள்ளே போனது, நாலு பாளமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

உலர் அலுமாரி என்பது ஈரக்காற்றுப் படக் கூடாத சாமான்களை வைக்கிற கண்ணாடிப் பெட்டி. கதவின் விளிம்பு முழுக்க ரப்பர். வெளிக்காற்று உள்ளே போகாது. அப்படியென்றால் உள்ளே இருக்கிற மணமும் வெளியே வராது என்று யோசித்த மூளை, அந்தக் கண்டி ஆய்வு நிலையத்தின் நாற்பது ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் முத்துலிங்கத்துக்குத்தான் வாய்த்தது. காரணம் இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் தேநீர் அறையில் யாரோ டூரியன் வெட்டப்போய், ஏசி அந்த மணத்தை வீடு வீடாகப் பத்திரிகை போடுவதுபோல ஒவ்வொரு அறைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது. பேராசிரியர் ஜனகன் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து பத்தொன்பது வருசமாகியும், மழை, அட்டை, பெரஹர ஊர்வல நெரிசல் எல்லாவற்றோடும் ஒத்துப்போன மனுசனுக்கு டூரியனோடு மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. அன்றைக்கு முழுக்க முற்றத்து மாமரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்துதான் வேலை பார்த்தார். மறுநாள் ஆய்வகக் கதவில் ஓர் அறிவித்தல் ஏறியது. தடித்த வெள்ளைக் கடதாசியில் முள்ளும் காம்புமாக ஒரு டூரியன் படம், அதன் மேலே குறுக்குக்கோடு, கீழே மூன்று மொழியிலும் ஒரு வரி.

முத்துலிங்கத்தின் மனைவி கலாராணிக்கோ டூரியன் என்றால் உயிர். வெள்ளிக்கிழமை காலையில் கண்டி மார்க்கெட் வாசலில் நல்ல பழமாக ஒன்று கண்ணில் பட்டது. பின்னேரம் வரைக்கும் அது தனக்காகக் காத்திருக்காது என்று வாங்கிவிட்டார். வாங்கியதை எங்கே வைப்பது? வைத்தாயிற்று. பின்னேரம் மச்சான் வேனை நிலையத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹோர்ன் அடிக்க, வத்தேகமவில் இருக்கிற வீட்டுக்குக் காசில்லாமல் ஒரு பயணம் கிடைத்த சந்தோஷத்தில் ஏறிப் போய்விட்டார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும்போதுதான் பழம் ஞாபகத்துக்கு வந்தது. அதற்குள் நிலையத்தைப் பூட்டியிருப்பார்கள். காலையிலேயே போன் போட்டுப் பழம் வருகுது என்று மனைவியிடம் பெருமையடித்திருந்ததால், கண்டியில் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது என்று சொல்லிவைத்தார். கண்டிக் குரங்கின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் நம்புவார்கள்.

இப்போது பழத்தைக் கொண்டுபோய்ப் பின்பக்கப் பற்றைக்குள் எறிந்தார். அலுமாரியை மதுசாரம் போட்டு மூன்று தரம் துடைத்து, ஈரம் உறிஞ்சும் மணிகளை மாற்றினார். எல்லாம் முடிந்து நிமிரும்போதுதான் பதினேழாம் நம்பர்த் துண்டைக் கண்டார். மற்றத் துண்டுகளெல்லாம் மூடிபோட்ட டப்பாவில் இருந்தன. இது மட்டும் திறந்த தட்டில். வெள்ளிக்கிழமை காலையில் முகம் பார்க்கிற மாதிரிப் பூசிய வெள்ளிப் படலம், பால் ஊற்றாத மெல்லிய பிளேன்டீ நிறத்துக்குத் திரும்பியிருந்தது. இருபத்துமூன்று வருசமாக வெற்றிடப் பூச்சு மெசினுக்கு முன்னால் நிற்கிறவர். வெள்ளி, தங்கம், அலுமினியம் என்று அவர் பூசிய படலங்களில் ஒன்றில்கூட ஒரு புள்ளி அழுக்கு இருந்ததாக யாரும் சொன்னது கிடையாது. நன்றாக இருக்கிறது என்றும் யாரும் சொன்னது கிடையாதுதான். ஆனால் தனக்குத் தெரியும் என்கிற பெருமை ஒன்று இருந்தது. அந்தத் துண்டை எடுத்துக் குப்பையில் போடக் கையை நீட்டினார். அதற்குள் கதவு திறந்தது.

பஸ்னா கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளை. கெலிஓயாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நளீர் ஹாஜியாரின் மகள். போயா லீவில் மூன்று நாள் வீட்டில் இருந்ததே பெரிய தண்டனை என்பதுபோல ஓடிவந்தவள், பதினேழை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அங்கிள், இது கொஞ்சம் மஞ்சளாவா ஈக்கிது?"

"லைட்டு அப்படி மிஸ்," என்றார் முத்துலிங்கம்.

குரங்குக்கு அடுத்த பொய் இது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு துண்டு கண்ணாடியோடு விஷயம் முடிந்திருக்கும். அவள் அதை எடுத்துக்கொண்டு போய், அதன்மேல் தன் கம்பிகளைப் பரப்பிவிட்டாள்.

கம்பி என்றால் வேலி அடிக்கிற கம்பி இல்லை. தலைமயிரை ஆயிரமாகப் பிளந்தாற்போன்ற குறைகடத்திக் கம்பிகள், துத்தநாக ஒட்சைட்டில் செய்தவை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கருஞ்சிவப்பு லேசர் ஒளியை இவற்றின்மேல் பாய்ச்சினால், ஒளியின் இரண்டு துணிக்கைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஊதாத் துணிக்கையாக வெளியே வரும். வரும் என்பதுதானே தவிர, ஆசைக்கு ஒன்றிரண்டுதான் வரும். அடியில் உலோகப் படலம் பூசினால் ஒளி அந்த இண்டு இடுக்குக்குள் பெரஹர பார்க்க வந்த சனம்போல நெரிபடும். நெரிசலில் இரண்டிரண்டாக முட்டிச் சேருவது கூடும். அதற்காகத்தான் முத்துலிங்கத்தின் வெள்ளி. ஒன்றிலிருந்து பதினாறு வரைக்கும் கூடியது இரண்டு மடங்கு, மிஞ்சினால் மூன்று மடங்கு. பதினேழாம் துண்டில் அன்று பின்னேரம் நாற்பது மடங்கு கூடியது. கருவியில் எண் ஏறியது போக, ஒரு வெள்ளைக் கடதாசியை முன்னால் பிடித்தால், வெறுங்கண்ணுக்கே ஓர் ஊதாப் பொட்டுத் தெரிந்தது. பஸ்னா ஓடிப்போய் எல்லாரையும் கூட்டிவந்து காட்டினாள். கன்டீனில் இருந்து வடை வந்தது. முத்துலிங்கத்துக்கும் இரண்டு கிடைத்தது. கடதாசியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பேராசிரியர் ஜனகன் கரும்பலகையை நிரப்பிவிட்டார். வெள்ளிக்கும் கம்பிக்கும் நடுவில் எப்படியோ ஒரு நூலளவு இடைவெளி உண்டாகியிருக்கிறது, அதற்குள்தான் ஒளி அகப்பட்டுத் தவிக்கிறது என்றார். அது எப்படி உண்டானது என்றுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்த ஒரே ஆள் பின்வரிசையில் நின்று அழிறப்பரைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகைக்குப் போய், அதைச் சரிபார்க்கிற நிபுணர்களிடமிருந்து இரண்டே வாரத்தில் பதில் வந்தது. ஒரு துண்டில் கிடைத்தால் அது அதிர்ஷ்டம், இன்னொன்று செய்து காட்டுங்கள். நியாயமான பேச்சு. பஸ்னா பதினெட்டு செய்தாள், பத்தொன்பது செய்தாள், முப்பத்தொன்று வரைக்கும் செய்தாள். எல்லாம் பழைய இரண்டு மடங்கு. பேராசிரியரின் சந்தேகம் முத்துலிங்கத்தின் மெசின்மேல் விழுந்தது. எங்கேயோ காற்று ஒழுகுகிறது என்று அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்கள். முத்துலிங்கமும் கூட நின்று நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். தங்கமான மெசின். ஒரு குற்றமும் செய்யாமல் மூன்று தரம் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கிடந்ததைப் பார்க்க அவருக்குக் கண் கலங்கியது. இதற்குள் ஆகஸ்ட் போய் செப்டெம்பர் பிறந்துவிட்டது. கொழும்பிலிருந்து இரவல் வாங்கிய லேசரை அந்த மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பஸ்னாவின் புலமைப்பரிசிலோ டிசெம்பரோடு முடிகிறது.

லேசர் திரும்பிப் போகிற வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மற்றவர்கள் ஜும்ஆத் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்த நேரம், பஸ்னா மெசினுக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். அழுதிருக்கிறாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"நான் என்ட தீசிஸ்ல இருந்து பதினேழுட அத்தியாயத்த எடுத்துடப் போறன் அங்கிள். அன்டைக்கி நான்தான் அளக்கிறதில பிழை விட்டீக்கணும். சேருக்கிட்ட திங்கக்கெழம சொல்லுவன். உங்கட மெசினையும் சும்மா கழட்ட வெச்சிட்டன். மன்னிச்சிக்கோங்க."

மன்னிப்பு வேறு கேட்டுவிட்டது அந்தப் பிள்ளை. முத்துலிங்கத்துக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. நாலு வருசம் இரவு பகலாகப் பாடுபட்ட பிள்ளை, தன் கையைத் தானே சந்தேகப்படுகிறது. வாயைத் திறந்தார். வெளியே வந்தது, "டீ குடிக்கிறீங்களா மிஸ்?" என்பதுதான்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. கலாராணி மூன்று தரம் கேட்டபிறகு, குரங்கிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை.

"ஒன்றரை மாசமா நான் அந்தக் கொரங்க திட்டிக்கிட்டு இருக்கேன்," என்றாள் கடைசியில். பிறகு முகம் மாறியது. "அந்தப் புள்ளக்கிட்ட சொல்லிப்புடுங்க. பேரு கெட்டாக் கெட்டுட்டுப் போவுது. ஒங்க பேரு இப்ப எந்தப் பேப்பர்ல வந்துக்கிட்டு இருக்கு?"

இந்தக் கடைசிக் கேள்வி சுருக்கென்று தைத்தது. தைத்தாலும் உண்மை.

திங்கட்கிழமை எட்டரைக்குப் பேராசிரியரின் அறையில், பஸ்னா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே முத்துலிங்கம் சொல்லிமுடித்தார். நின்றுகொண்டேதான் சொன்னார். பேராசிரியர் ஜனகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மூண்டு தரம் அந்த மெசினைக் கழட்டினம், முத்துலிங்கம்."

"ஆமாங்க சேர்."

"நீங்களும் பக்கத்தில நிண்டு நட்டு எடுத்துத் தந்தனீங்கள்."

"தந்தேங்க."

பேராசிரியர் எழுந்து ஜன்னலுக்குப் போய், ஹந்தானை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலைக்கு உலை வைக்கப்போகிறார் என்று முத்துலிங்கம் மனதுக்குள் சம்பளத்தைக் கழித்துக்கொண்டிருக்கும்போது அவர் திரும்பினார்.

"எத்தினை கிலோ?"

"என்னங்க சேர்?"

"பழம் எத்தினை கிலோ எண்டு கேக்கிறன். எந்தத் தட்டு? எத்தினை மணிக்கு வச்சனீங்கள்? வைக்கேக்க வெடிச்சிருந்ததோ, பிறகு வெடிச்சதோ? பஸ்னா, ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீர், எழுதும்."

பஸ்னா எழுதினாள். முகத்தில் வந்தது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கந்தகம், என்றார் பேராசிரியர், கரும்பலகையில் தட்டி. டூரியன் நாறுவதே கந்தகத்தால்தான். வீட்டில் வெள்ளிக்கொலுசு கறுப்பதும் அதனால்தான். வெள்ளியின் மேல் மெல்லிய ஒரு தோல் படிந்திருக்கிறது; அதுதான் அந்த இடைவெளி. பஸ்னா முதலில் போத்தலில் வருகிற கந்தக மருந்து வாங்கலாம் என்றாள். ஓடர் போட்டால் இரண்டு மாதம். கந்தகம் என்றால் முட்டையிலும் உண்டே என்று பேராசிரியர் அன்றைக்கே பத்து அவித்த முட்டையை அலுமாரிக்குள் வைப்பித்தார். செவ்வாய் காலையில் படலம் தோசைச்சட்டிபோலக் கறுத்திருந்தது. அளவு முக்கியம். அளவு டூரியனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

டூரியன் எங்கே? சீசன் முடிந்து மூன்று வாரம். மார்க்கெட்டில் பழக்காரர்கள் முத்துலிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தார்கள். பஸ்னா வாப்பாவுக்குப் போன் போட்டாள். நளீர் ஹாஜியார் மகளின் படிப்பு என்றதும் கடையை விட்டுவிட்டு, கம்பளையிலிருந்து குருநாகல் வரைக்கும் தெரிந்த வியாபாரி ஒருவரையும் விடாமல் போனில் பிடித்தார். மத்தியானத்துக்குள் தகவல் வந்தது. தெல்தெனியவுக்கு மேலே ஒரு வளவில், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த மூக்காயி என்கிற அம்மாவின் வீட்டு மரத்தில் காலம் தப்பிக் காய்த்த பழம் ஒன்றே ஒன்று நிற்கிறது. முத்துலிங்கம் அந்த நிமிடமே பஸ் ஏறினார்.

மூக்காயி அம்மா பழத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு அவரையும் பார்த்தார். "இம்புட்டுத் தூரம் வந்துருக்கீங்க. வீட்டுல யாரு முழுகாம இருக்கா?"

"யாரும் இல்லீங்கம்மா. ஆராய்ச்சிக்கு."

"இந்த வயசுல என்னா ஆராய்ச்சி," என்றவர், அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தோ என்னவோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு பழத்தைக் கொடுத்தார். முத்துலிங்கம் வெற்றிடப் பைகள் மூன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றை உறிஞ்சி, ஓரத்தைச் சுருட்டி ஒட்டினார். கண்டி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தெல்தெனியவிலிருந்து கண்டி வரைக்கும் ஒரு மணமும் தெரியாமல் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். வேலை தெரிந்தவன் கட்டினால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முத்துலிங்கம் தன்னையே மெச்சிக்கொண்டார்.

பழத்தைத் தராசில் வைத்தது பேராசிரியர்தான். மூக்கைக் கைலேஞ்சியால் கட்டிக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தில் தன் கைப்பட எழுதினார்: டூரியன், இரண்டு கிலோ நானூறு, தெல்தெனிய. அறுநூறு கிராம் குறைச்சல். நாளும் ஒன்று குறைச்சல், வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு லேசரை ஏற்றக் கொழும்பு வேன் வந்துவிடும். அதை ஈடுகட்ட, வெடிக்கும் வரைக்கும் காத்திருக்காமல் ஸ்க்ரூ ட்ரைவரால் பிளந்தே வைக்க வேண்டும் என்றாள் பஸ்னா. பிளந்தார்கள். பேராசிரியர் ஒரு மணிநேரம் மாமரத்தடியில் போய் இருந்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை பஸ்னா கட்டுரையைக் கணினியில் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள். "அங்கிள்ட முழுப் பேர இங்கிலீஷ்ல எப்பிடி எழுதுற?"

"எதுக்கு மிஸ்?"

"கட்டுரை எழுதின ஆக்கள்ட பேரோட போடத்தான். மூணாவதா உங்கட பேரு. சேர் சொன்ன."

முத்துலிங்கத்துக்குச் சந்தோஷம் வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. எத்தனை நூறு படலங்கள். ஒன்றில் கைரேகை உண்டா, தூசு உண்டா? அவற்றை வைத்து எத்தனை பேர் பட்டம் வாங்கிக்கொண்டு லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். கடைசியில் பேர் வருவது பழம் வைத்துக் கெடுத்த ஒன்றுக்கு. "சுத்தமான ஒண்ணுக்காச்சும் போட்டிருக்கலாம்ல மிஸ்," என்றார். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. பஸ்னா கதிரையை விசைப்பலகைக்குக் கிட்ட இழுத்தாள். பிறகு அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, இரண்டு தரம் சரிபார்த்துப் பேரை எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அலுமாரியைத் திறந்தபோது முப்பத்தாறாம் துண்டு நிறம் மாறியிருந்தது. ஆனால் பிளேன்டீ நிறம் இல்லை. ஒரே தேயிலையில் இரண்டாம் தரம் தண்ணீர் ஊற்றினால் வருமே, அந்த நிறம். பஸ்னா கம்பிகளைப் பரப்பி, காயவைத்து, லேசரின் கீழே பொருத்தும்போது ஒன்று ஐம்பது. வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. படியேறி வந்தவர்கள் நடைபாதையிலேயே நின்று, இது என்ன நாற்றம் என்று சிங்களத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

"அளக்கிற கருவி சூடேறப் பத்து நிமிசம் எடுக்கும்," என்றாள் பஸ்னா. "கண்ணால பாப்போம் சேர். வெள்ளக் கடதாசி ஒண்டு தாங்க."

மேசைமேல் இருந்ததெல்லாம் எழுதிய கடதாசி. பேராசிரியர் அங்குமிங்கும் தடவிப் பார்த்தார். பிறகு கதவுக்குப் போய், தன் அறிவித்தலைப் பிடித்து ஒரே இழுப்பாக உரித்தெடுத்தார். நாலு மூலையிலும் டேப் கிழிந்தது. படத்தைப் பின்பக்கம் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை லேசருக்கு முன்னால் பிடித்தார். மற்றக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். முத்துலிங்கம் திரைச்சீலையை இழுத்து விளக்கை அணைத்தார். அணைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில், "ஓரத்துல ஒரு கறை இருக்குங்க சேர், நான் காலையிலயே பாத்தேன்," என்றார்.

"இருக்கட்டும்," என்றது பேராசிரியரின் மூக்கடைத்த குரல்.

இருட்டு. பஸ்னா திருகியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவது கேட்டது. அவள் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். கடதாசியில் ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. பிறகு நடுவில், கண்ணின் மயக்கமோ என்று நினைக்கும்படி ஒரு புகை நிறம் கூடியது. கூடிக் கூடி ஊதாவாகியது. முத்துலிங்கம் மூச்சை விடாமல் கிட்டப் போனார். கதவை மறுபடியும் தட்டினார்கள். பொட்டு அசையாமல் நின்றது, அந்த வெளிச்சத்தில் கடதாசியின் மறுபக்கத்திலிருந்து டூரியனின் முட்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தெரியத் தொடங்கின.